பெண்களுக்குத் தொடையிடுக்கில் வரும் நீர்வீக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறுவை சிகிச்சைப் பிரிவில் வேலை செய்பவர்களுக்குக்கூட இது எப்போதாவதுதான் கண்ணில் படும். ஆனால் வரும்போதெல்லாம் கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. நோயாளி கேட்பது, கூட வந்த அம்மா கேட்பது, கணவர் வெளியே வந்து தனியாகக் கேட்பது என எல்லாவற்றையும் அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன். ஸ்கேன் ரிப்போர்ட்டில் இதை 'ஹைட்ரோசீல் ஆஃப் த கேனல் ஆஃப் நக்' என்று போட்டிருப்பார்கள். நான் 'நக் நீர்வீக்கம்' என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். உங்கள் உடம்பைத் தொட்டுப் பார்த்த மருத்துவர் சொல்வதற்கு மேல் இந்தப் பக்கத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1. தொடையிடுக்குல ஒரு பக்கம் மட்டும் கோலிக்குண்டு சைஸுக்கு வீங்கியிருக்கு. வலி இல்லை. என்னவா இருக்கும்?

முதலில் பார்க்க வேண்டியது நெறி கட்டியிருக்கிறதா என்று. காலில் புண், முடி மழித்த இடத்தில் கொப்புளம், பிறப்புறுப்பில் தொற்று, எது இருந்தாலும் அங்கே நெறி கட்டும். அடுத்தது ஹெர்னியா என்ற குடலிறக்கம். அப்புறம் கொழுப்புக் கட்டி, சீழ்க்கட்டி. முதுகெலும்பில் காசநோய் வந்து, அந்தச் சீழ் இடுப்புத் தசை வழியாக இறங்கித் தொடையிடுக்கில் வீங்குவதும் நம் ஊரில் மறக்கக்கூடாத ஒன்று.

நக் நீர்வீக்கம் இந்த வரிசையில் கடைசியில்தான் வரும். அதனாலேயே தவறிப்போகிறது. நெறியும் இல்லை, ஹெர்னியாவும் தட்டுப்படவில்லை என்றதும் "ஒன்றுமில்லை, போங்கள்" என்று அனுப்பப்பட்டு, இரண்டு மூன்று வருடம் கழித்து எலுமிச்சம்பழ அளவில் வந்து நிற்பவர்கள் உண்டு. வீக்கம் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் 'ஒன்றுமில்லை' என்ற பதிலை ஏற்காதீர்கள். அது என்ன என்று தெரிந்தாக வேண்டும்.

2. நக் கால்வாய்னா என்ன? அது எனக்கு மட்டும் எப்படி வந்துச்சு?

உங்களுக்கு மட்டும் வரவில்லை. கருவில் இருக்கும்போது எல்லாப் பெண் குழந்தைகளுக்கும் அது இருக்கும். கர்ப்பப்பையின் இரண்டு பக்கமும் 'ரவுண்ட் லிகமெண்ட்' என்று ஒரு நார் உண்டு. அது அடிவயிற்றுச் சுவரைத் துளைத்துக்கொண்டு, தொடையிடுக்கின் வழியாகப் பெண்ணுறுப்பின் வெளி உதடு வரை போகிறது. போகும்போது வயிற்றின் உள்ளுறையையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். அப்படிக் கையுறையின் விரல்போல நீண்டு நிற்கும் பைதான் நக் கால்வாய். அன்டன் நக் என்ற டச்சு உடற்கூற்றியல் அறிஞர் 1691-இல் இதை விவரித்தார். அவர் லைடன் பல்கலைக்கழகத்தில் இருந்தவர்.

வழக்கமாக இந்தப் பை பிறப்பதற்கு முன்போ, பிறந்து ஒரு வருடத்துக்குள்ளோ தானாக ஒட்டி மூடிக்கொள்ளும். சிலருக்கு முழுவதும் மூடாமல் எங்காவது ஓர் இடம் விட்டுப்போகும். அந்த இடத்தில் நீர் தேங்கினால் நக் நீர்வீக்கம். வயிற்றுக்குள்ளிருந்து குடலோ கொழுப்போ அதே வழியில் இறங்கினால் ஹெர்னியா. இரண்டும் ஒரே பாதையில் வருவதால்தான் இத்தனை குழப்பம். அந்தப் பாதை திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு அங்கேதான் பதில் இருக்கிறது.

3. ஓதம் ஆம்பளைங்களுக்குத்தானே வரும்? இது யானைக்கால் கொசுவால வர்றதா?

ஆண்களுக்கு விரையைச் சுற்றி நீர் கோர்ப்பதை நாம் ஓதம் என்கிறோம். ஆண் குழந்தைக்கு விரை கீழே இறங்கும் பாதையும் பெண் குழந்தைக்கு நக் கால்வாயும் கருவில் ஒரே அமைப்பிலிருந்து வருபவை. ஆகவே பெண்களுக்கும் அங்கே நீர் கோர்க்க வழி இருக்கிறது. ஆண்களை விட மிகக் குறைவாக வருகிறது, அவ்வளவுதான்.

ஆண்களின் ஓதத்துக்கு யானைக்கால் கிருமி ஒரு முக்கியமான காரணம். பெண்களின் நக் நீர்வீக்கத்துக்கு அது வழக்கமான காரணம் இல்லை. கூடவே காலும் வீங்கியிருந்தால் மருத்துவர் அந்தப் பரிசோதனையைத் தனியாகச் சொல்வார்.

4. நீர்க்கட்டின்னு சொன்னாங்க. பிசிஓடி மாத்திரை சாப்பிட்டா கரைஞ்சிடுமா?

கரையாது. நம் ஊரில் நீர்க்கட்டி என்றாலே சினைப்பையில் வருவதுதான் என்று ஆகிவிட்டது. இது சினைப்பைக்கு வெளியே, தொடையிடுக்கில் இருக்கும் வேறொரு பை. ஹார்மோன் மாத்திரைக்கும் இதற்கும் தொடர்பில்லை. நீர் இறங்க மாத்திரை, கஷாயம், பற்று என்று எதைப் போட்டாலும் பையின் சுவர் அப்படியேதான் இருக்கும்.

5. எனக்கு 34 வயசு. பிறவியிலேயே இருக்குன்னா இத்தனை வருஷம் எங்க இருந்துச்சு? குடம் தூக்கினதாலயா?

பை மூடாமல் இருப்பது பிறவியிலேயே. அதில் நீர் தேங்குவது எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம். அந்தப் பையின் உட்சுவர் எப்போதும் கொஞ்சம் நீரைச் சுரந்து, மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சுவதைவிடச் சுரப்பது கூடினால் நீர் சேரும். அடிபட்டது, தொற்று வந்தது, நிணநீர் வடிவதில் தடை என்று சிலருக்குக் காரணம் சொல்ல முடியும். பெரும்பாலானோருக்குக் காரணம் பிடிபடுவதில்லை.

கனம் தூக்கியதால் பை உண்டாகாது. பாதை திறந்திருப்பவர்களுக்கு முக்கித் தூக்கும்போது வயிற்றின் அழுத்தம் கூடி, வீக்கம் பெரிதாகத் தெரியலாம். "நீ தூக்கியதால்தான் வந்தது" என்று வீட்டில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

6. ஹெர்னியாவா, நீர்வீக்கமான்னு கையால தொட்டே சொல்ல முடியாதா?

ஓரளவு சொல்லலாம். ஹெர்னியா பெரும்பாலும் படுத்தால் உள்ளே போகும், இருமினால் விரலில் முட்டும். நக் நீர்வீக்கம் அழுத்தினாலும் அங்கேயே இருக்கும். தொட்டால் மெத்தென்று, உள்ளே தண்ணீர் இருப்பது தெரியும். இருட்டறையில் டார்ச் வைத்துப் பார்த்தால் சில சமயம் ஒளி ஊடுருவும். வாந்தி, வயிறு உப்புசம், மலச்சிக்கல் எதுவும் இருக்காது.

ஆனால் இந்த நோய் மூன்று விதமாக வரும், அங்கேதான் கை ஏமாறும். முதல் வகையில் பையின் மேலும் கீழும் மூடி, நடுவில் மட்டும் நீர் தேங்கும். இதுதான் அதிகம், மேலே சொன்ன அடையாளங்களும் இதற்குத்தான் பொருந்தும். இரண்டாவது வகையில் வயிற்றுக்கும் பைக்கும் பாதை திறந்தே இருக்கும். காலையில் சிறுத்து மாலையில் பெருக்கும், படுத்தால் குறையும், அச்சு அசல் ஹெர்னியா. மூன்றாவது வகையில் தொடையிடுக்கின் உள்வளையம் (கால்வாய் வயிற்றிலிருந்து வெளியே வரும் வாய்) பையை நடுவில் இறுக்கிப் பிடிக்க, பாதி வயிற்றுப் பக்கமும் பாதி வெளியிலுமாக இரண்டு அறைகள் இருக்கும். வெளியே அழுத்தினால் உள்ளே இருக்கும் அறை பெருக்கும்.

மறுபக்கம், உள்ளே போகாமல் சிக்கிக்கொண்ட ஹெர்னியாவும் கைக்கு நீர்வீக்கம் மாதிரியே படலாம். பெண்களுக்குச் சற்றுக் கீழே, தொடையின் மேல்முனையில் வரும் ஃபெமரல் ஹெர்னியா எளிதில் சிக்கிக்கொள்ளும். சின்னதாக, இருமினால் முட்டாமல் இருக்கும். அதனால் கையை மட்டும் நம்பி முடிவெடுப்பது எனக்குச் சம்மதமில்லை.

7. வயிறு ஸ்கேன் பண்ணி நார்மல்னு வந்துடுச்சு. அப்போ ஒண்ணும் இல்லைதானே?

அந்த ஸ்கேன் எந்த இடத்தைப் பார்த்தது என்று ரிப்போர்ட்டைப் படித்துப் பாருங்கள். கல்லீரல், சிறுநீரகம், கர்ப்பப்பை, சினைப்பை என்று வரிசையாக இருக்கும். தொடையிடுக்கு என்ற வார்த்தையே இருக்காது. வயிற்றின் ஆழத்தைப் பார்க்கும் கருவி தோலுக்கு அடியில் இருக்கும் சின்னப் பையைக் காட்டாமல் போகலாம். இதற்கு மேலோட்டமான இடங்களைத் துல்லியமாகக் காட்டும் ஹை ஃப்ரீக்வென்சி லீனியர் ப்ரோப் வேண்டும். சீட்டில் 'தொடையிடுக்கு, இரு பக்கமும், டாப்ளருடன்' என்று தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள். டாப்ளர் என்பது ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன். ஸ்கேன் எடுப்பவரிடம் வீக்கம் இருக்கும் இடத்தை விரல் வைத்துக் காட்டுங்கள். படுக்க வைத்தும், நிற்க வைத்து முக்கச் சொல்லியும் பார்க்க வேண்டும். படுத்தால் மறையும் வீக்கத்தைப் படுக்க வைத்தே தேடினால் கிடைக்காது.

நக் நீர்வீக்கம் என்றால் மெல்லிய சுவருடன், உள்ளே கருப்பாக, நீள்வட்டமாகவோ கமா வடிவிலோ தெரியும். கமாவின் வால் தொடையிடுக்குக் கால்வாயை நோக்கி இருக்கும். டாப்ளரில் உள்ளே ரத்த ஓட்டம் இருக்காது. குடலின் அசைவும் இருக்காது. சில சமயம் உள்ளே மெல்லிய தடுப்புகள் தெரியலாம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

8. எம்ஆர்ஐ எடுக்கச் சொல்றாங்க. தேவையா, இல்ல சும்மா காசு பிடுங்கறாங்களா?

அல்ட்ராசவுண்டிலேயே எல்லாம் தெளிவாக இருந்தால் பலருக்குத் தேவைப்படாது. பை உள்ளே எவ்வளவு தூரம் போகிறது என்று தெரியாதபோது, மூன்றாவது வகை என்ற சந்தேகம் வரும்போது, பையின் சுவர் தடித்தோ உள்ளே திடமான பகுதியோ இருக்கும்போது, 11-வது கேள்வியில் வரும் எண்டோமெட்ரியோசிஸ் சந்தேகத்தின்போது எம்ஆர்ஐ உண்மையில் உதவும். எதைத் தெரிந்துகொள்ள இந்தப் பரிசோதனை என்று நேராகவே கேளுங்கள். காரணம் சொல்ல முடிந்தால் எடுங்கள்.

9. ஊசி போட்டுத் தண்ணிய எடுத்துட்டா போச்சு. எதுக்கு ஆபரேஷன்?

இதுதான் அதிகம் கேட்கப்படுவது. நீரை எடுத்தாலும் அதைச் சுரக்கும் சுவர் உள்ளே இருக்கிறது, மறுபடி நிரம்பிவிடும். பாதை திறந்திருந்தால் வயிற்றுக்குள்ளிருந்தே நீர் இறங்கும். ஊசி வழியாகத் தொற்று புகுந்தால் சாதாரண நீர்ப்பை சீழ்ப்பையாகும்.

என் பயம் வேறு. பை என்று நினைத்துக் குத்தியது சிக்கிக்கொண்ட குடலாகவோ சினைப்பையாகவோ இருந்தால்? தொடையிடுக்கு வீக்கத்தில், உள்ளே என்ன இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாமல் யாரும் ஊசி குத்தக்கூடாது. கிளினிக்கில் உட்கார வைத்து "இப்பவே எடுத்துடலாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஆபரேஷன் செய்துகொள்ளும் நிலையில் உடம்பு இல்லாதவர்களுக்கு, ஸ்கேன் பார்த்துக்கொண்டே நீரை எடுத்து, பையின் சுவர் ஒட்டிக்கொள்ள மருந்து செலுத்துவது உண்டு. அது விதிவிலக்கு.

10. அப்படியே விட்டா என்ன ஆகும்? கேன்சரா மாறுமா?

கேன்சராக மாறுவது மிக மிக அரிது. அந்தப் பயத்தில் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வீக்கம் மெல்ல வளரலாம், நடக்கும்போது உரசி வலிக்கலாம், தொற்று வந்து சிவந்து வீங்கலாம். இந்தப் பையோடு கூடவே ஹெர்னியா இருப்பதும் அடிக்கடி காணப்படுகிறது. பாதை திறந்திருந்தால் இன்று நீர் இறங்கிய வழியில் நாளை குடல் இறங்க இடமுண்டு.

அதனால் அவசரம் இல்லை, ஆனால் செய்துகொள்வது நல்லது என்பதுதான் என் பதில். பரீட்சை, கல்யாணம், பிள்ளைக்குப் பால் கொடுப்பது என்று காரணம் இருந்தால் சில மாதங்கள் தள்ளலாம். தள்ளும் நாட்களில் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: வீக்கம் திடீரென்று கல்லாக இறுகி, கடுமையாக வலித்து, வாந்தியும் வயிறு உப்புசமும் வந்தால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு தோல் சிவந்தாலும் அப்படித்தான். விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

11. பீரியட்ஸ் வர்றப்போ மட்டும் அது பெருசாகி வலிக்குது. அப்புறம் குறைஞ்சிடுது. ஏன்?

இதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். கர்ப்பப்பையின் உட்சுவரைப் போன்ற திசு வேறு இடங்களில் வளர்வது எண்டோமெட்ரியோசிஸ். அது ரவுண்ட் லிகமெண்டிலோ நக் பையின் சுவரிலோ வரலாம். மாதவிடாயோடு சேர்ந்து வீங்கி வலிப்பது அதன் அடையாளம். வலது பக்கத்தில் அதிகம் காணப்படுகிறது. எல்லோருக்கும் இப்படி மாதவிடாயோடு சேர்ந்து வலி வராது, ஆகவே வலி இல்லை என்பதால் அது இல்லை என்றும் சொல்ல முடியாது.

இது இருந்தால் ஆபரேஷனின் அளவு மாறும். பையோடு அந்தத் திசுவையும் மிச்சமில்லாமல் எடுக்க வேண்டும், வயிற்றுக்குள் வேறு எங்காவது இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மகப்பேறு மருத்துவரும் சர்ஜனும் சேர்ந்து திட்டமிட வேண்டிய விஷயம்.

12. இப்போ 6 மாச கர்ப்பம். போன மாசம்தான் வீக்கம் வந்துச்சு. ஆபரேஷன் பண்ணணுமா?

முதலில் டாப்ளர் ஸ்கேன் செய்யுங்கள். கர்ப்ப காலத்தில் ரவுண்ட் லிகமெண்டைச் சுற்றியுள்ள ரத்தக்குழாய்கள் புடைத்துக்கொண்டு, தொடையிடுக்கில் ஹெர்னியா போலவே வீங்கும். நின்றால் பெருக்கும், படுத்தால் குறையும். டாப்ளரில் ரத்த ஓட்டம் தெளிவாகத் தெரிந்துவிடும். பிரசவத்துக்குப் பிறகு அது தானாக வடியும், ஆபரேஷன் வேண்டாம். இந்தச் சந்தேகத்தைத் தீர்க்காமல் ஹெர்னியா என்று திறப்பது வீண் வேலை.

உண்மையிலேயே நக் நீர்வீக்கம் என்றால், தொந்தரவு இல்லாதவரை பிரசவம் முடியும்வரை பொறுத்திருப்பதே வழக்கம். 10-வது பதிலில் சொன்ன ஆபத்து அறிகுறிகள் மட்டும் விதிவிலக்கு.

13. என் பொண்ணுக்கு 8 மாசம். அழும்போது அடில ஒரு பக்கம் உருண்டையா வருது. தானா சரியாகிடும்னு மாமியார் சொல்றாங்க.

மாமியார் ஆண் குழந்தைகளை மனதில் வைத்துச் சொல்லியிருக்கலாம். ஆண் குழந்தையின் நீர்வீக்கம் பல சமயம் முதல் இரண்டு வருடங்களுக்குள் தானே வற்றும். பெண் குழந்தைக்குத் தொடையிடுக்கில் உருண்டை வந்தால் முதல் சந்தேகம் ஹெர்னியா. கைக்குழந்தைகளின் ஹெர்னியாப் பையில் சினைப்பை இறங்கியிருப்பது அரிதில்லை, 15 முதல் 20 சதவீதம் என்று சொல்வார்கள். அது முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று சினைப்பையே போய்விடும். எனவே வரும் வாரம் என்றில்லாமல் இந்த வாரமே குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள். உருண்டை உள்ளே போகாமல் நின்று, குழந்தை விடாமல் அழுதால் அன்றே போங்கள். ஸ்கேனில் வெறும் நீர் என்று உறுதியானால் எப்போது செய்வது என்று அவர் முடிவு செய்வார்.

இரண்டு பக்கமும் உருண்டை இருந்தால் சில சமயம் குரோமோசோம் பரிசோதனை சொல்வார்கள். அதிர்ச்சியாக இருக்கும். வெளித் தோற்றத்தில் முழுப் பெண்ணாக இருந்தாலும், உள்ளே சினைப்பைக்குப் பதில் விரைச் சுரப்பி இருக்கும் ஒரு நிலை உண்டு. ஹெர்னியாவோடு வரும் பெண் குழந்தைகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கு அப்படி இருக்கலாம். முன்கூட்டியே தெரிந்துகொள்வது குழந்தைக்கு நல்லது. நிச்சயமாக இது அப்பா அம்மா யாருடைய தவறும் இல்லை.

14. யார்கிட்ட காட்டணும்? ஆம்பளை டாக்டர்கிட்ட காட்டக் கூச்சமா இருக்கு.

மகப்பேறு மருத்துவரிடம் ஆரம்பிக்கலாம், தவறில்லை. வெளி உதட்டின் பின்பகுதியில், யோனி வாசலை ஒட்டி வீங்கியிருந்தால் அது பார்த்தோலின் சுரப்பிக் கட்டியாக இருக்கலாம், அவர்தான் சரியான ஆள். வீக்கம் உதட்டின் முன்பகுதியிலோ அதற்கு மேலே தொடையிடுக்கிலோ இருந்தால் கடைசியில் பொது சர்ஜனிடம் வர வேண்டியிருக்கும்.

பெண் சர்ஜன் வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. அவர் இல்லாத ஊரில், பரிசோதனையின்போது பெண் செவிலியரோ உங்களோடு வந்த பெண்ணோ அருகில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். இதைக் கேட்டால் எந்த நல்ல மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். "முழுக்கக் காட்ட வேண்டாம், இங்கேயே பாருங்கள்" என்று புடவையை விலக்காமல் காட்டிவிட்டுப் போவதால்தான் பாதி நோய் தவறுகிறது. நின்ற நிலையிலும் படுத்த நிலையிலும் பார்த்தாக வேண்டும்.

15. ஆபரேஷன்ல என்னதான் பண்ணுவாங்க?

தொடையிடுக்கில் மடிப்பை ஒட்டி ஒரு கீறல் போட்டு, கால்வாயைத் திறந்து, பையை ரவுண்ட் லிகமெண்டிலிருந்தும் நரம்புகளிலிருந்தும் பிரித்தெடுப்பார்கள். முக்கியமான வேலை அடுத்துத்தான்: பையின் கழுத்தை வயிற்றுக்குள் நுழையும் இடம்வரை தொடர்ந்து போய், திறந்திருக்கிறதா என்று பார்த்து, அங்கே கட்டி மூட வேண்டும். வெளியே தெரியும் உருண்டையை மட்டும் அறுத்துவிட்டுக் கழுத்தைக் கவனிக்காமல் விட்டால் மறுபடி வரும். உள்வளையம் அகன்றிருந்தால் அதையும் சுருக்கித் தைப்பார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்தோ, முழு மயக்கத்திலோ செய்வார்கள்.

16. ஓபனா, லேப்ராஸ்கோப்பியா? எது பெஸ்ட்?

பை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வெளி உதடு வரை இறங்கிய முதல் வகைப் பைக்கு வெளியிலிருந்து போவதே நேர்வழி. உள்வளையத்துக்கு அருகிலோ வயிற்றுப் பக்கமோ நீண்டிருந்தால், அல்லது கூடவே ஹெர்னியா இருந்தால் லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, கேமரா வழியாகச் செய்வது) வசதி. உள்ளேயிருந்து பார்க்கும்போது மறுபக்கத்தையும், ஃபெமரல் ஹெர்னியா ஒளிந்திருக்கிறதா என்பதையும் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். 2018-இல் வெளியான பன்னாட்டு ஹெர்னியா வழிகாட்டுதலும் அந்தத் திறமையுள்ள இடங்களில் பெண்களின் ஹெர்னியாவுக்கு லேப்ராஸ்கோப்பி முறையையே பரிந்துரைக்கிறது. மூன்றாவது வகைக்கு இரண்டும் சேர்த்துச் செய்ய நேரிடலாம்.

சின்னத் தழும்பு என்பதற்காக மட்டும் முறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் சர்ஜன் எதை நன்றாகச் செய்வார் என்பது அதைவிட முக்கியம்.

17. உள்ள வலை வைப்பாங்களா? வலை வச்சா குழந்தை பெத்துக்க முடியாதுன்னு சொல்றாங்களே?

வெறும் நீர்ப்பை, உள்வளையம் சரியாக இருக்கிறது என்றால் வலை தேவையில்லை. ஹெர்னியா இருந்தாலோ, பையை எடுத்தபின் இடம் பலவீனமாக இருந்தாலோ வைப்பார்கள். அது வயிற்றுச் சுவரில் இருக்கும், கர்ப்பப்பையைத் தொடாது. கருத்தரிப்பையோ சுகப்பிரசவத்தையோ தடுக்காது. கர்ப்பம் வளரும்போது அந்த இடத்தில் இழுப்பது போன்ற வலி சிலருக்கு வரலாம். தொற்று இருக்கும் இடத்தில் வலை வைக்க மாட்டார்கள். குழந்தைகளுக்கு வைப்பதில்லை.

18. கர்ப்பப்பையைப் பிடிச்சிருக்கிற நாரையே வெட்டிட்டாங்களாம். கர்ப்பப்பை கீழ இறங்கிடாதா?

பை ரவுண்ட் லிகமெண்டோடு இறுக ஒட்டியிருந்தால் அந்தத் துண்டையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும். கர்ப்பப்பை கீழே இறங்காமல் தாங்குவது அதன் கழுத்தை ஒட்டியுள்ள வேறு நார்களும் இடுப்புத்தளத் தசைகளும். ரவுண்ட் லிகமெண்டின் பங்கு, கர்ப்பப்பை முன்னோக்கிச் சாய்ந்திருக்க உதவுவதுதான். ஆகவே ஒரு பக்கம் வெட்டியதால் கர்ப்பப்பை இறங்கும் என்று எதிர்பார்ப்பதில்லை. பிரிக்க முடிந்தால் காப்பாற்றுவார்கள். ஆபரேஷனுக்கு முன்பே இதைக் கேட்டுவைத்தால் பிறகு குழப்பம் வராது.

19. எத்தனை நாள் ரெஸ்ட்? வண்டி ஓட்டலாமா, வீட்டு வேலை செய்யலாமா?

அன்று மாலையோ மறுநாளோ வீட்டுக்குப் போகலாம், அன்றே எழுந்து நடக்கலாம். ஒரு வாரத்தில் சமையல் மாதிரி இலகுவான வேலைகள். வலியில்லாமல் சட்டென்று பிரேக் போட முடிந்த பிறகு ஸ்கூட்டர். குடம், சிலிண்டர், அரிசி மூட்டை எல்லாம் 4 முதல் 6 வாரம் வேண்டாம். இதை வீட்டில் உள்ள மற்றவர்களும் படிக்க வேண்டும், ஏனென்றால் அந்தக் குடத்தை வேறு யாராவது தூக்கினால்தான் இவர் தூக்காமல் இருக்க முடியும். தாம்பத்தியம் வலி அடங்கிய பிறகு, சாதாரணமாக இரண்டு மூன்று வாரத்தில். மலச்சிக்கலும் விடாத இருமலும் தையலுக்கு எதிரி, இரண்டுக்கும் மருந்து கேட்டு வாங்குங்கள்.

20. ஆபரேஷன் முடிஞ்சு பத்து நாள்ல அதே இடத்துல வீங்குது. திரும்ப வந்துடுச்சா?

பத்து நாளில் வருவது பெரும்பாலும் சீரோமா. பை இருந்த வெற்றிடத்தில் தற்காலிகமாக நீர் சேர்வது. சில வாரங்களில் தானே வற்றும். சிலருக்கு ரத்தம் கட்டி, வெளி உதடு வரை நீலமாகும். அதுவும் குறையும். சிவந்து, சூடாகி, சீழ் வடிந்தால் தொற்று, உடனே காட்டுங்கள். மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு மறுபடி வளர்ந்தால்தான் உண்மையாகத் திரும்பியதா, ஹெர்னியாவா என்று 7-வது பதிலில் சொன்ன ஸ்கேனை எடுக்க வேண்டும். முழுப் பையும் எடுத்துக் கழுத்தும் மூடப்பட்டிருந்தால் திரும்ப வருவது குறைவு.

21. வெட்டின இடத்துக்குக் கீழ மரத்துப்போன மாதிரி இருக்கு.

அந்தக் கால்வாயில் ஓடும் மெல்லிய நரம்புகள் தொடையின் உள்பக்கத்துக்கும் வெளி உதட்டுக்கும் உணர்வு தருபவை. பிரிக்கும்போது இழுபட்டால் சில மாதம் மரப்பு இருக்கும், பலருக்கு மெல்லக் குறையும். மரப்பைவிட, மூன்று மாதம் தாண்டியும் சுரீர் என்று இழுக்கும் வலி இருந்தால் அதைச் சொல்ல வேண்டும். நரம்பு வலிக்குத் தனி மருந்துகளும் ஊசிகளும் உண்டு.

22. ஹெர்னியான்னு சொல்லித் திறந்தாங்க. உள்ளே நீர்ப்பைதான் இருந்துச்சாம். தப்பான ஆபரேஷன் பண்ணிட்டாங்களா?

கோபம் புரிகிறது. ஆனால் இந்த நோய் பலருக்கும் இப்படித்தான் கண்டுபிடிக்கப்படுகிறது. 6-வது பதிலில் சொன்ன இரண்டாவது வகையை வெளியிலிருந்து ஹெர்னியாவிலிருந்து பிரித்துச் சொல்வது கடினம். கீறலும் போகும் வழியும் இரண்டுக்கும் ஒன்றே. நீங்கள் கேட்க வேண்டியவை வேறு: பை முழுவதும் எடுக்கப்பட்டதா, கழுத்து திறந்திருந்ததா, மூடினார்களா, ஹெர்னியாவும் இருந்ததா, வலை வைத்தார்களா. இவை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள், பின்னால் வேறு ஊரில் வேறு மருத்துவர் பார்க்கும்போது அந்தக் காகிதம்தான் பேசும்.

23. எடுத்த பையை பயாப்சிக்கு அனுப்பினாங்க. ரிப்போர்ட்ல 'மீசோதீலியல் லைனிங்'னு இருக்கு. பயப்படணுமா?

வேண்டாம். வயிற்று உள்ளுறையின் இயல்பான செல்களுக்கு அதுதான் பெயர். 2-வது பதிலில் பார்த்தபடி இந்தப் பை அந்த உறையிலிருந்து வந்தது, அதே செல்கள் இருப்பது எதிர்பார்த்ததுதான். 'எண்டோமெட்ரியோசிஸ்' என்று இருந்தால் 11-வது பதிலுக்குப் போங்கள், மகப்பேறு மருத்துவரையும் பாருங்கள். 'ஏடிபியா' (செல்கள் இயல்புக்கு மாறாக இருப்பது), 'மாலிக்னன்ஸி' (புற்றுநோய்) என்ற வார்த்தைகள் இருந்தால்தான் சர்ஜனிடம் உடனே பேச வேண்டும். எடுத்த பையைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் குப்பையில் போடுவது எனக்கு உடன்பாடில்லாத பழக்கம். பார்ப்பதற்குச் சாதாரணமாக இருந்தாலும் அனுப்பச் சொல்லுங்கள்.

24. ஒரு பக்கம் வந்துச்சே, மறுபக்கமும் வருமா? தங்கச்சிக்கும் செக் பண்ணணுமா?

பெரும்பாலும் ஒரு பக்கம்தான். மறுபக்கத்திலும் பை மூடாமல் இருக்கலாம், அதற்காக வீக்கம் இல்லாத பக்கத்தைத் திறந்து பார்ப்பதில்லை. 7-வது பதிலில் இரு பக்கமும் ஸ்கேன் எழுதச் சொன்னது இதற்காகத்தான். தங்கச்சிக்கு வீக்கம் எதுவும் இல்லையென்றால் பரிசோதனை தேவையில்லை.